நாம் எழுதாமல் வந்தவை

(ஓமனின் மஸ்கட் நகரிலுள்ள ரூவியில் தமிழ் நிரலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரூவி கடைத்தெருவில் நடப்பவர்களுக்கு ஒரே பெயரைப் பல எழுத்தில் படிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும். மேலே அரபி, அதன் கீழே ஆங்கிலம், நம் ஊர்க்காரர் கடை என்றால் ஓரத்தில் தமிழும் இருக்கும். இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். அரபியில் ரா, வாவ், யா என்று மூன்று எழுத்து. ஆங்கிலத்தில் நான்கு. தமிழில் ரூ, வி என்று இரண்டே இரண்டு. பைத்தான் மொழியிடம் மூன்றையும் கொடுத்து நீளம் கேட்டால் அரபிக்கு 3, ஆங்கிலத்துக்கு 4 என்று சரியாகச் சொல்கிறது. தமிழுக்கும் 4 என்கிறது. "இந்தச் சொல் முழுக்க எழுத்துகளால் ஆனதா?" என்று கேட்டால் அரபிக்கு ஆம், ஆங்கிலத்துக்கு ஆம், தமிழுக்கு இல்லை.

இந்த விடைகளைச் சொல்லும் மெத்தட்களை, அதாவது ஒரு பொருளோடு சேர்ந்து வரும் செயற்கூறுகளை, நாம் யாரும் எழுதவில்லை. 'ரூவி' என்று மேற்கோள் குறிக்குள் தட்டிய அந்த நொடியிலேயே அவை நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டன. அப்படி வந்து சேர்ந்தவை எவை, எங்கிருந்து வந்தன, தமிழுக்கு அவை பொருந்துமா என்று பார்ப்பதற்குத்தான் இன்று நேரம் கேட்டிருக்கிறேன். நிரல் எழுதாதவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். கணக்கு வேலை பார்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய நிரல் மொழிகள் பெரும்பாலானவற்றில் ஒரு கிளாஸ், அதாவது ஒரே வகைப் பொருள்களுக்கான வார்ப்பு, இன்னொரு கிளாஸிலிருந்து பிறக்கலாம். தாய் கிளாஸில் உள்ள மெத்தட்கள் எல்லாம் பிள்ளைக்குத் தாமாகவே கிடைக்கும். வேண்டாததைப் பிள்ளை தன் பாணியில் திருப்பி எழுதிக்கொள்ளலாம். மரபுரிமை எனப்படும் இந்த ஏற்பாட்டை முதலில் செய்து காட்டியவர்கள் நார்வே நாட்டைச் சேர்ந்த ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நியூகோர் என்ற இருவர். ஆஸ்லோவில் அவர்கள் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில் அது வந்தது. 2001-ல் டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது.

மரபுரிமை வந்தபின் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. ஒரு கிளாஸின் மூல நிரலைத் திறந்து படித்தால் அதில் எழுதியிருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வந்தவை அந்தப் பக்கத்தில் இருக்காது. பத்து வரியில் முடிந்துபோகும் ஒரு கிளாஸுக்கு நூறு மெத்தட்கள் இருக்கலாம். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் பொருளிடமே "உன்னால் என்னென்ன செய்ய முடியும்?" என்று கேட்கும் வசதி தேவைப்பட்டது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பர்க் முதலானவர்கள் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழி இதில் எனக்கு முன்மாதிரி. அதில் ஒரு கிளாஸிடம் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்கலாம். 'செலக்டர்ஸ்' என்றால், அந்தக் கிளாஸே எழுதியவை. 'ஆல்-செலக்டர்ஸ்' என்றால், மூதாதையர் கொடுத்தவையும் சேர்த்து எல்லாமும்.

பின்னால் வந்த மொழிகளும் இந்த இரண்டு கேள்வியை ஏதோ ஒரு வடிவில் வைத்துக்கொண்டன. ஜாவாவில் 1997-ல் வந்த 1.1 பதிப்பிலேயே 'கெட் மெத்தட்ஸ்', 'கெட் டிக்ளேர்ட் மெத்தட்ஸ்' என்ற இரண்டும் உண்டு. முன்னது பொதுவில் அழைக்கத்தக்க மெத்தட்களை, மரபாக வந்தவற்றையும் சேர்த்துத் தரும். பின்னது அந்தக் கிளாஸிலேயே அறிவிக்கப்பட்டவற்றை மட்டும் தரும். ரூபியில் 'இன்ஸ்டன்ஸ் மெத்தட்ஸ்' என்று கேட்கும்போது அடைப்புக்குள் 'ஃபால்ஸ்' என்று எழுதினால் மூதாதையர் விலகிக்கொள்வார்கள். சி++ மொழியில் இப்படிக் கேட்பதற்கு நெடுங்காலம் வழியே இருக்கவில்லை.

பைத்தானில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது 'டிர்' என்ற கட்டளை. எந்தப் பொருளை உள்ளே போட்டாலும் அதற்குக் கிடைக்கிற பெயர்களை அகர வரிசையில் கொட்டிவிடும். 'ட்ரூ' என்ற உண்மை மதிப்பை உள்ளே போட்டுப் பாருங்கள். 'பிட் லெங்த்' என்று ஒரு பெயர் வரும். ஆமா, இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டிய ஒரு பொருளுக்கு பிட் நீளம் எதற்கு? பைத்தானில் 'பூல்' என்பது முழு எண் கிளாஸின் பிள்ளை. ஆகவே எண்ணுக்குரியவை எல்லாம் அதற்கும் உண்டு. ட்ரூவையும் ட்ரூவையும் கூட்டினால் 2 வருவதும் அதனால்தான்.

ஆனால் 'டிர்' தரும் பட்டியலில் ஒரு குறை இருக்கிறது. பெயரைச் சொல்கிறது, யாருடையது என்று சொல்வதில்லை. ஊரில் மனை வாங்கியவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். பட்டாவில் பெயர் இருக்கிறது என்று சொன்னால் பத்திர எழுத்தர் விடுவாரா? தாய்ப்பத்திரத்தைக் கொண்டுவா என்பார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் எங்கே கைமாறியது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டோம். மெத்தட் பட்டியலிலும் நான் கேட்பது தாய்ப்பத்திரத்தைத்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதை எழுதிய கிளாஸின் பெயர் வேண்டும்.

ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்பதற்கு இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஓமன் மத்திய வங்கி இங்கே ரூவியில்தான் இருக்கிறது. ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். நம் ஊரில் ரூபாய்க்கு நூறு. 1959-ல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனியாக ரூபாய் அச்சிட்டது. ஓமனில் 1970-ல் சொந்த நாணயம் வரும்வரை அது புழங்கியது. இன்று ஓமன், குவைத், பஹ்ரைன் மூன்றிலும் காசுக்கணக்கு மூன்று தசம இடம். துபாய் திர்ஹாமுக்கும் சவூதி, கத்தார் ரியால்களுக்கும் இரண்டு.

இப்போது ஒரு பில் போடும் மென்பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் எழுதிய 'பில்' என்ற கிளாஸ். அதில் நாணயக் குறி, வரி விகிதம், மொத்தம், தொகையை முழுமையாக்குதல் என்று நான்கு மெத்தட்கள். ரூவிக்கு வந்த நிரலாளர் அதிலிருந்து 'மஸ்கட் பில்' என்று ஒரு பிள்ளையை உருவாக்குகிறார். நாணயக் குறியை மாற்றுகிறார். 2021 ஏப்ரலில் ஓமனில் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் வரி விகிதத்தை 5 சதவீதம் என்று திருப்பி எழுதுகிறார். பிறகு 'டிர்' போட்டுச் சரிபார்க்கிறார். நாணயக் குறி இருக்கிறது, வரி விகிதம் இருக்கிறது, மொத்தம் இருக்கிறது, முழுமையாக்குதலும் இருக்கிறது. எல்லாம் இருக்கிறதே என்று நிறைவடைகிறார்.

முழுமையாக்குதல் இருக்கிறதுதான். ஆனால் அது தாயின் கைச்சரக்கு. இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கும். 375 பைசாவுக்கு விற்க வேண்டிய பொருள், அதாவது 0.375 ரியால், பில்லில் 0.38 ஆகிவிடும். ஒரு பொருளுக்கு 5 பைசா கூடுதல். அதில் ஆயிரம் விற்றால் வாடிக்கையாளர்களின் பையிலிருந்து ஐந்து ரியால் காரணமில்லாமல் போயிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் நிற்காது. மாதக் கடைசியில் கணக்கு ஒத்துப்போகாமல் இரவெல்லாம் விழித்திருக்கப்போவது கணக்காளர்தான். ஒவ்வொரு மெத்தட்டுக்கும் எதிரே அதை எழுதிய கிளாஸின் பெயரைக் காட்டும் பட்டியலை எடுத்திருந்தால், நான்காவது வரியில் 'மஸ்கட் பில்' என்றில்லாமல் 'பில்' என்று வந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் கேள்வி எழுந்திருக்கும்.

பைத்தானில் அந்தப் பட்டியலை எடுப்பது கடினமல்ல. ஒவ்வொரு கிளாஸும் தன் வம்சாவளியை ஒரு வரிசையாக வைத்திருக்கிறது. அதற்கு எம்.ஆர்.ஓ. என்று பெயர். ஒரு மெத்தட்டைத் தேடும்போது பைத்தான் அந்த வரிசையில் முதலில் பிள்ளையைப் பார்க்கும், பிறகு தாயை, பிறகு அதற்கும் மேலே, கடைசியில் எல்லாவற்றுக்கும் மூலமான 'ஆப்ஜெக்ட்'. அந்த வரிசையில் ஒவ்வொரு கிளாஸாகப் போய், அதனதன் சொந்த அகராதியைத் திறந்து, ஒரு பெயர் முதலில் எங்கே தென்படுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் போதும். நான்கைந்து வரி நிரல். அதையும் எழுத வேண்டாம் என்றால் 'இன்ஸ்பெக்ட்' என்ற தொகுதியில் 'கிளாசிஃபை கிளாஸ் அட்ரிப்யூட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. பெயர், வகை, எழுதிய கிளாஸ், பொருள் என்று நான்கையும் சேர்த்துக் கொடுத்துவிடும். இவ்வளவு நல்ல கருவியைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்காமல் 'டிர்' உடன் நிறுத்திவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இரண்டு தாய்கள் இருந்தால் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பீர்கள். இரண்டு தாய்களுக்கும் ஒரே பாட்டி என்றால் இன்னும் குழப்பம். டிலன் என்ற மொழிக்காக 1996-ல் வெளியிடப்பட்ட சி3 என்ற வரிசையாக்க முறையை 2003-ல் பைத்தான் 2.3 ஏற்றுக்கொண்டது. பிள்ளை எப்போதும் தாய்க்கு முன்னால், நாம் எழுதிய தாய்களின் வரிசை மாறாமல், யாரும் இருமுறை வராமல் அது அடுக்கிவிடும். அடுக்க முடியாத சிக்கல் என்றால் கிளாஸை உருவாக்கவே மறுத்துவிடும். மறுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழுக்கென்று ஒரு சரம், அதாவது எழுத்துத் தொடரைத் தாங்கும் ஒரு கிளாஸ் வேண்டும் என்று ஆசைப்படாத தமிழ் நிரலாளர் அரிது. நீளம் கேட்டால் 'ரூவி'க்கு 2 என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? பைத்தானின் 'ஸ்ட்ரிங்' கிளாஸைத் தாயாக வைத்து 'தமிழ்ச்சரம்' என்று ஒரு பிள்ளை. பைத்தான் 3 வந்த 2008 முதல் கிளாஸுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதற்குத் தடையில்லை. நீளத்துக்கான மெத்தட்டை மட்டும் திருப்பி எழுதுகிறோம். முடிந்தது என்று தோன்றும்.

இப்போது தாய்ப்பத்திரத்தை எடுங்கள். அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களை விட்டுவிட்டால் 'ஸ்ட்ரிங்' கொடுத்த மெத்தட்கள் 47. நாம் எழுதியது ஒன்று, அதுவும் அடிக்கோட்டுப் பெயர். ஆக அந்த 47-ம் அப்படியே தாயின் கையெழுத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

அதில் 9 பெரிய எழுத்து, சிறிய எழுத்து தொடர்பானவை. 'அப்பர்', 'லோயர்', 'டைட்டில்' போன்றவை. தமிழில் அந்த வேறுபாடே கிடையாது. 'ரூவி'யைப் பெரிய எழுத்தாக்கு என்றால் 'ரூவி' என்றே திரும்பி வரும். உபயோகமில்லை, தீங்குமில்லை. இவற்றைக் கடந்துபோகலாம்.

எழுத்துகளால் ஆனதா என்று சொல்லும் 'இஸ்-ஆல்ஃபா'வை அப்படிக் கடக்க முடியாது. உலக எழுத்துகளுக்கெல்லாம் குறியெண் தரும் யுனிகோடு தரத்தில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை உண்டு. 'ர' என்பது எழுத்து. ஊகாரக் குறி என்பது எழுத்தல்ல, சேர்ந்து வரும் குறி. புள்ளியும் அப்படியே. 'இஸ்-ஆல்ஃபா' எழுத்து வகையை மட்டுமே ஏற்கும். அரபியிலும் உயிரொலிக் குறிகள் உண்டு, அவையும் இதே குறி வகைதான். ஆனால் அன்றாட அரபியில், கடைப் பலகையிலும் செய்தித்தாளிலும், அவற்றை யாரும் எழுதுவதில்லை. அதனால் அரபிச் சொல் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. நாம் உயிர்க்குறியும் புள்ளியும் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுத முடியாது. அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் மாட்டுகிறோம். ஒரு விண்ணப்பப் படிவத்தில் 'பெயர் எழுத்துகளால் மட்டுமே இருக்க வேண்டும்' என்று சோதிக்க இந்த மெத்தட்டைப் பயன்படுத்தினால் 'முருகன்' என்ற பெயரைப் படிவம் மறுத்துவிடும்.

யுனிகோடிலேயே 'அகர எழுத்துத் தன்மை' என்று வேறொரு பண்பும் உண்டு. அதில் நம் உயிர்க்குறிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பண்பைக் கேட்டால் 'ரூவி' தேறிவிடும். புள்ளி மட்டும் அதிலும் சேர்க்கப்படவில்லை, ஆகவே 'தமிழ்' தேறாது. பைத்தானின் ஆவணத்திலேயே தன் 'இஸ்-ஆல்ஃபா' வேறு, யுனிகோடின் அந்தப் பண்பு வேறு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நாம் படிக்க வேண்டும்.

இதன் பங்காளி ஒன்று மெத்தட் பட்டியலில் இல்லாமல் தேடல் வடிவங்களில் ஒளிந்திருக்கிறது. சொற்களைப் பிரித்தெடுக்க எல்லோரும் பயன்படுத்தும் சுருக்கக் குறியான 'சாய்கோடு டபிள்யூ'வும் பைத்தானின் தொகுதியில் இதே வகைப்பாட்டையே நம்புகிறது. அதை வைத்து 'ரூவி'யில் சொற்களைத் தேடினால் 'ர', 'வ' என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். உயிர்க்குறிகள் உதிர்ந்துவிடும். தமிழ்க் கட்டுரைகளின் சொல்லெண்ணிக்கை எடுக்கிறேன் என்று தொடங்குகிற மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அடுத்தது தேடலும் மாற்றீடும். 'கிளி' என்பது 'க'வில் தொடங்குகிறதா என்று கேட்டால் ஆம் என்று வரும். அகராதியில் ககர வரிசையைப் பிரிக்க இது உதவும், அதனால் முற்றிலும் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'க'வை எண்ணு என்றால் 1 என்கிறது. 'க' என்ற எழுத்து 'கிளி'யில் இல்லை, 'கி'தான் இருக்கிறது. 'க'வை 'ப' ஆக்கு என்றால் 'பிளி' என்று ஆக்கிவிடுகிறது. எழுத்தை மாற்றச் சொன்னோம், அது எழுத்தின் பாதியை மாற்றியது.

தலைகீழாகத் திருப்பினால் கண்ணுக்கே தெரிந்துவிடும். 'ரூவி'யைத் திருப்பினால் 'விரூ' வர வேண்டும். வருவது என்ன? முதலில் ஒட்ட இடமில்லாத ஓர் இகரக் குறி, பிறகு 'வூ', பிறகு 'ர'. மூலத்தில் எங்குமே இல்லாத 'வூ' என்ற எழுத்து முளைத்திருக்கிறது.

வரிசைப்படுத்தலில்தான் எனக்கு மனம் கூடுதலாக வலிக்கிறது. இரண்டு சரங்களில் எது முந்தியது என்று சொல்லும் ஒப்பீட்டு மெத்தட்டும் மரபாக வந்ததே. அது குறியெண்ணை மட்டுமே பார்க்கும். நம் குறியெண் வரிசை 1991-ன் யுனிகோடுக்கு இந்திய அரசின் இஸ்கி தரத்திலிருந்து வந்தது. பிற இந்திய மொழிகளோடு இணையாக அடுக்கியதால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், வகரத்துக்கு முன்பே ழகரமும் வந்து உட்கார்ந்துவிட்டன. விளைவு, பள்ளியில் மாணவர் பெயர்ப் பட்டியல் போட்டால் பவானிக்கு முன்னால் பழனி வருவார். தமிழ் நெடுங்கணக்கில் வகரம் முந்தியது, பவானிதான் முதலில் வர வேண்டும். இத்தனைக்கும் யுனிகோடே வரிசைப்படுத்தலுக்குத் தனி அட்டவணை வைத்திருக்கிறது, அதில் நம் மெய்களின் வரிசை சரியாகவே இருக்கிறது. 'ஸ்ட்ரிங்' கிளாஸின் ஒப்பீட்டு மெத்தட் அந்த அட்டவணையைத் திறந்து பார்ப்பதில்லை. ஐ.சி.யூ. என்ற நிரலகத்தைச் சேர்த்துக்கொண்டு அதன் வரிசையைக் கேட்டால் சரியாக வரும். அல்லது நாமே ஒரு வரிசைச் சாவி எழுத வேண்டும்.

நல்லபடி வந்த மரபும் ஒன்று உண்டு, அதையும் சொல்வதுதான் நியாயம். தமிழ் எண் குறிகளில் '௧௨' என்று எழுதி எண்ணாக மாற்று என்றால் பைத்தான் 12 என்று சொல்லும். இங்கே கார் எண் பலகைகளில் பார்க்கும் அரபு எண்களுக்கும் அப்படியே. நாம் யாரும் கேட்காமலே கிடைத்தது. 2005-ல் யுனிகோடில் தமிழ்ச் சுழியும் சேர்ந்த பிறகு எந்த எண்ணையும் இடமதிப்பில் எழுதலாம். பழைய முறைப்படி பத்துக்குரிய '௰' போட்டால் மட்டும் மாற்றமாட்டேன் என்று மறுத்துவிடும். ஆனால் அதன் எண் மதிப்பு என்ன என்று யுனிகோடு தொகுதியிடம் தனியாகக் கேட்டால் 10 என்று தயங்காமல் சொல்லும்.

ஆக, நீளத்தை மட்டும் திருப்பி எழுதிய நம் 'தமிழ்ச்சரம்' இப்போது எந்த நிலையில் இருக்கிறது? நீளம் கேட்டால் 2. ஒவ்வொரு எழுத்தாகச் சுற்றிவா என்றால் நான்கு முறை சுற்றும், ஏனென்றால் சுற்றும் மெத்தட் தாயுடையது. கடைசி எழுத்தைக் கொடு என்று நீளத்தில் ஒன்றைக் கழித்துக் கேட்டால் ஊகாரக் குறி மட்டும் வரும், ஏனென்றால் எடுத்துக்கொடுக்கும் மெத்தட்டும் தாயுடையது. பத்து இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டி நிரப்பு என்றால் ஆறு வெற்றிடம்தான் சேர்க்கும், எட்டு அல்ல. நாம் எழுதிய நீளத்தை அந்த மெத்தட் கேட்பதே இல்லை, உள்ளே உள்ள குறியெண்களை நேரே எண்ணிக்கொள்கிறது. ஓரத்து வெற்றிடத்தை நீக்கு என்றால் சரியாக நீக்கும், ஆனால் திருப்பிக் கொடுப்பது 'தமிழ்ச்சரம்' அல்ல, வெறும் 'ஸ்ட்ரிங்'. அடுத்த வரியில் நீளம் கேட்டால் மறுபடி 4. பாதி திருத்திய பிள்ளை, திருத்தாத தாயைவிட ஆபத்தானது. தாய் தவறையாவது ஒரே மாதிரி செய்யும்.

சமத்துவம் இன்னும் நுட்பம். 'கொ' என்பதை ஒற்றை ஒகரக் குறியோடும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. மரபாக வந்த சமத்துவ மெத்தட் இரண்டும் வேறு என்று சொல்லும். யுனிகோடின் இயல்பாக்கம் செய்து ஒப்பிட்டால் சரியாகும். சரி, சமத்துவத்தைத் திருப்பி எழுதுவோம் என்று எழுதிவிட்டால், பைத்தான் அமைதியாக இன்னொன்றைச் செய்யும். சமத்துவத்தை எழுதிவிட்டு, பைத்தான் அகராதியில் சாவியைத் தேட உதவும் 'ஹாஷ்' மெத்தட்டை எழுதாமல் விட்டால், தாயிடமிருந்து வந்த ஹாஷை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'நன்' என்ற வெறுமையை வைத்துவிடும். இனி நம் சரத்தை அகராதியின் சாவியாக வைக்க முடியாது. ஆனால் 'டிர்' போட்டுப் பாருங்கள், ஹாஷ் என்ற பெயர் பட்டியலில் இருக்கும்! பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. பெயர்ப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பட்டியலில் வராதவையும் உண்டு. 'ஸ்ட்ரிங்' கிளாஸை 'டிர்'ருக்குள் போட்டால், வம்சாவளியைச் சொல்லும் அந்த எம்.ஆர்.ஓ. அதில் வராது. அது கிளாஸ்களுக்கெல்லாம் கிளாஸான 'டைப்'பில் இருக்கிறது, 'டிர்' அவ்வளவு மேலே ஏறாது. அழைத்தபின் அந்த நேரத்தில் உருவாக்கிக் கொடுக்கப்படும் மெத்தட்களும் வராது. முழுமையான பட்டியல் தருவேன் என்று பைத்தானின் ஆவணமும் சொல்லவில்லை, ஆர்வமூட்டும் பெயர்களைத் தர முயல்வேன் என்றுதான் சொல்கிறது.

இவ்வளவும் கேட்டபின், 'ஸ்ட்ரிங்'கிலிருந்து பிள்ளை உருவாக்கவே கூடாதா என்று தோன்றலாம். என் கருத்து, பெரும்பாலும் வேண்டாம் என்பதே. பைத்தானே இதற்காக 'யூசர்ஸ்ட்ரிங்' என்ற கிளாஸை வைத்திருக்கிறது. சரத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வெளியே மெத்தட்களைக் காட்டும். அதிலிருந்து பிறந்த பிள்ளையிடம் வெற்றிடம் நீக்கச் சொன்னால் பிள்ளையின் இனத்திலேயே திருப்பித் தரும். ஆப்பிள் 2014-ல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி வேறு பாதையில் போயிற்று. அங்கே சரத்தின் அடிப்படை அலகே பயனர் கண்ணில் படும் எழுத்து. 'ரூவி'யை எண்ணச் சொன்னால் 2 என்றே சொல்லும். அடித்தளத்தில் எடுத்த ஒரு முடிவு மேலே எத்தனை திருத்தங்களை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

தமிழர்கள் செய்த வேலையில் எனக்கு மதிப்புக்குரியது முத்து அண்ணாமலை தொடங்கி வளர்த்தது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் 'எழில்' மொழியைப் பைத்தான் மீது கட்டி, 2009-ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து பலர் கைகோத்த 'ஓப்பன்-தமிழ்' நிரலகத்தில் 'கெட் லெட்டர்ஸ்' என்று ஒரு செயற்கூறு உண்டு. தமிழ்ச் சரத்தைக் கொடுத்தால் எழுத்துகளின் பட்டியலைக் கொடுக்கும். 'ரூ', 'வி'. அது 'ஸ்ட்ரிங்'கின் பிள்ளையாக வரவில்லை, வெளியே தனியாக நிற்கிறது. இதனால் 47 மெத்தட்களின் சுமை அதற்கு இல்லை. எழுத்துப் பட்டியல் கையில் வந்துவிட்டால் நீளம், திருப்புதல், எண்ணுதல் எல்லாம் பட்டியலின் வேலையாகிவிடுகின்றன, பட்டியல் அவற்றைச் சரியாகச் செய்யும். தெளிவான முடிவு என்று நினைக்கிறேன்.

இங்குள்ள பள்ளிகளில் பிள்ளைகள் பைத்தான் படிக்கிறார்கள். அவர்கள் முதல் பாடத்தில் தட்டுவது ஆங்கிலச் சரம், எல்லா மெத்தட்டும் சரியாக விடை சொல்லும். அதே மெத்தட்டைத் தன் பெயரைத் தமிழில் தட்டிப் பரிசோதித்த பிள்ளைக்கு மட்டும்தான், கருவி வேறொருவரின் மொழிக்காகச் செய்யப்பட்டது என்பது பதினைந்து வயதிலேயே புரியும். அந்தப் பிள்ளை கோபப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த வரியில், எந்தக் கிளாஸில் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று தேடிப்போகக் கற்றுக்கொண்டால் போதும்.

அதற்காக ஒரு வேலையை இந்த அவையிடம் கேட்கிறேன். அந்த 47 மெத்தட்களையும், அடிக்கோட்டுப் பெயர்களில் நீளம், சுற்றுதல், எடுத்தல், ஒப்பீடு, சமத்துவம், ஹாஷ் ஆகியவற்றையும் ஓர் அட்டவணையாக்குவோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று செய்திகள் வேண்டும். எந்தக் கிளாஸில் எழுதப்பட்டது, தமிழுக்கு அப்படியே பொருந்துமா, பொருந்தாவிட்டால் எந்தச் சொல் அதை மெய்ப்பிக்கிறது. சொற்களை நம் சுற்றுப்புறத்திலிருந்தே எடுக்கலாம்: ரூவி, தார்சைத், மத்ரா, கூப்ரா. பில் மென்பொருளில் வேலை செய்பவர்கள் தங்கள் கிளாஸ்களுக்கு இதே அட்டவணையை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள், தசம இடம் எங்கே முடிவாகிறது என்ற ஒரே வரிக்காகவாவது. மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்வரிசைக்கு வாருங்கள். ஒப்பீட்டு மெத்தட்டிலிருந்து தொடங்கலாம், அதற்குத்தான் சோதனைச் சொற்கள் அதிகம் தேவைப்படும்.